நாற்பத்தோரு கையெழுத்தும் ஒரு வீடும்

மனு எழுதியே ஒரு ஊரை உண்டாக்க முடியுமா என்று யாராவது கேட்டால், தயங்காமல் முடியும் என்று சொல்லலாம். மனுக்கா உண்டாக்கிக் காட்டியிருக்கிறாள். பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. ஐந்து தெருவிலும் சின்னது பெரியது எல்லாம் அவளை மனுக்கா என்றுதான் கூப்பிடும். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். அதுவும் நாலு பேர் முன்னால், வேண்டுமென்றே. "மனுக்கா, ஒரு டீ வேணும்னு மனு போட்டா எத்தனை நாள்ல கிடைக்கும்?" என்பார். "வரிசையில வாங்க" என்பாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இன்றைக்கு வந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒரு புறநகர். கண்ணாடிக் கதவு போட்ட மருந்துக் கடை, மூன்று மாடி வீடுகள், காரை எங்கே நிறுத்துவது என்று தினம் ஒரு சண்டை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இது செங்கல் சூளைக்கு மண் தோண்டிய குழிக்காடு. சூளை மூடியதும் அதன் முதலாளி குழிகளை அரையும் குறையுமாகத் தூர்த்து, கல் நட்டு, மனை போட்டு விற்றான். நகரத்துக்குள் வாடகை கொடுத்தே ஓய்ந்துபோனவர்கள் வந்து வாங்கினார்கள். தகரப் பட்டறைக்காரர்கள், லாரி டிரைவர்கள், அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர் ஒருவர், ஒரு தையல்காரி, மனுக்காவின் வீட்டுக்காரரைப் போல லேத்துப் பட்டறையில் நின்றே கால் வீங்கியவர்கள். மொத்தம் நாற்பத்தோரு குடும்பம்.

மழை பெய்தால் அந்தக் களிமண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. வேலைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாலம் வரை நடந்து, அங்கே இருந்த ஒற்றைக் குழாயில் காலைக் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். எவ்வளவு தேய்த்தாலும் கணுக்காலில் ஒரு சிவப்புக் கோடு நிற்கும். அதைப் பார்த்ததும் கண்டக்டர், "சூளைக்காரங்கல்லாம் பின்னால போங்க" என்பான். வெளுத்த சட்டை போட்டு என்ன பிரயோஜனம்?

மனுக்காவின் மனை மூன்றாவது தெருவின் கடைசி. அதற்கு அப்பால் குழிகள், குழிகளுக்கு அப்பால் தூரத்தில் நெடுஞ்சாலை. வரைபடத்தில் அந்தக் கடைசி மனையின் மேல் ஒதுக்கீடு என்று எழுதியிருந்தது. எதற்கு ஒதுக்கீடு என்று கேட்டதற்கு, "அது சும்மா பேருக்குங்க, நீங்க தைரியமா கட்டுங்க" என்று சூளை முதலாளி ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டான். அவர்களும் தைரியமாகக் கட்டினார்கள். சூளையில் விலை போகாமல் கிடந்த கோணல் செங்கல்லைக் கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கட்டிய வீடு. நாற்பத்தோரு மனையில் முதல் முதலில் கூரை ஏறியது அதற்குத்தான். மற்றவர்கள் வீடு எழும்பும்வரை சிமெண்ட் மூட்டை, கடப்பாரை, பால் புட்டி எல்லாம் இவர்கள் முன்னறையில்தான் கிடக்கும். தையல்காரி கைக்குழந்தையோடு ஐந்து மாதம் அந்த அறையில்தான் குடியிருந்தாள். ஜன்னலோரமாக அவள் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை அழுதால் மனுக்காதான் தூக்குவாள்.

மனு எழுத எங்கே கற்றாள் என்றால், கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்தாள். மேற்படி, பணிவுடன், கனிவான கவனத்துக்கு என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கையெழுத்தோ, அடேயப்பா, கோடு போடாத தாளில் கோடு போட்டது மாதிரி ஓடும். முதல் மனு பஸ்ஸுக்கு. நாற்பத்தோரு குடும்பத்துக்கு யார் பஸ் விடுவான்? யோசித்துப் பார்த்து, நானூறு குடும்பம் என்று எழுதினாள். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "ஏம்மா, மிச்ச முன்னூத்தி அறுபது பேரு எங்க, குழிக்குள்ளயா?" என்றார். "கொஞ்சம் உப்புப் போட்டாத்தாங்க உள்ள எறங்கும்" என்றாள் மனுக்கா.

எண்ணிப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். அன்றைக்குப் பார்த்து ஒவ்வொரு வாசலிலும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். தையல்காரியின் மாமியார் வழிச் சொந்தம் மட்டுமே விடிந்ததும் ஒரு லாரி நிறைய வந்து இறங்கியிருந்தது. பஸ் வந்தது. அடுத்து குடிதண்ணீர்க் குழாய்க்கு எழுதினாள். கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பதினேழு குழந்தைகள் படுத்த படுக்கை என்று எழுதினாள். அப்போது அங்கே இருந்த குழந்தைகளே பதினாறுதான். குழாயும் வந்தது. அதற்கப்புறம் உப்பில்லாமல் மனு எழுதுவது என்பதே அந்த ஊரில் இல்லாமல் போயிற்று.

மூன்றாவது மனு சாலைக்கு. அதுதான் இத்தனைக்கும் காரணம்.

நகரத்துக்குள் போக வேண்டுமானால் ரயில்வே கேட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். கேட் சாத்தினால் அரைமணி நேரம், சில நாள் முக்கால் மணி. மூன்றாவது தெருவை நேராக நீட்டி, குழிகளை மூடி, நெடுஞ்சாலையோடு சேர்த்துவிட்டால் பத்தே நிமிஷம். சாலைத்துறையில் இவர்கள் பக்கம் பேசுகிற குமாஸ்தா ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன்தான். அவர் மனுவின் நகலைப் பார்த்துவிட்டு, "வழியில வீடு கீடு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "ஒண்ணே ஒண்ணு" என்றார் எழுத்துக் கோர்ப்பவர். "அப்ப அத எழுதாதீங்க. வீடு இருக்குன்னா எங்க ஆளு ஃபைலைத் தொடவே மாட்டாரு. வழி பூரா காலி நிலம்னு எழுதுங்க. அளக்க வரும்போது கண்ணால பாத்துட்டு நாலடி தள்ளிப் போட்டுட்டுப் போறாங்க."

அன்றைக்கு அந்த ஒரு வீட்டின் முன்னறையில்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. எல்லாரும் தரையையே பார்த்தார்கள். மனுக்கா பேனாவை எடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "எழுதேன். தாள்லதானே வீடு இல்ல. நாம இதுக்குள்ளதானே உக்காந்திருக்கோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மனுக்கா எழுதினாள்: மேற்படி சாலை செல்லும் வழி நெடுகிலும் காலி நிலமே உள்ளது, குடியிருப்புகள் எதுவும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். நாற்பத்தோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து அவளுடையது.

உப்பு என்று நினைத்து அவள் அன்றைக்குத் தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். சாலைத்துறை அந்த வருஷமே வரைபடத்தில் ஒரு கோடு போட்டது. கோடு நேராக அவள் வீட்டின் நடுவில் போயிற்று. அளக்க ஒருவரும் வரவில்லை. கோப்பு எங்கேயோ போய்ப் படுத்துவிட்டது.

அதற்கப்புறம் ஊர் வளர்ந்தது. இரண்டு வருஷம் கழித்து மின்சாரம், அப்புறம் வீட்டு வரி, பள்ளிக்கூடம், தபால் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் மனுக்காவின் கையெழுத்தில் ஒரு தாள். சாலைக்கு மட்டும் வருஷம் தவறாமல் நினைவூட்டல் எழுதுவாள், பதிலே வராது. வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்த மதியம் ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. ஒரு சரக்கு வண்டி போயிற்று, கேட் திறக்கவில்லை, இன்னொரு சரக்கு வண்டி வந்தது. அவர் அவள் மடியில் தலையை வைத்தபடியே போய்ச் சேர்ந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அந்த வருஷ நினைவூட்டலில் அவள் ஒரு துளி உப்புகூடப் போடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாள். அதற்கும் பதில் வரவில்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து, யாரும் கேட்காமலே, சாலை வந்தது. நெடுஞ்சாலைப் பக்கம் ஏதோ பெரிய கம்பெனி வருகிறதாம். அவர்களுக்கு வழி வேண்டுமாம். பழைய கோப்பைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஊரே துள்ளிக் குதித்தது. நலச் சங்கத்தின் செயலாளர், அந்தக் காலத்தில் எழுத்துக் கோர்த்தவரேதான், மனுக்காவுக்குச் சால்வை போர்த்தி ஒரு கூட்டம் போட்டார். "இந்த ரோடு மனுக்கா போட்ட ரோடு" என்று பேசினார். மறு வாரம் சாலைத்துறை ஆட்கள் இருவர் வந்து, மனுக்காவின் வாசல் சுவரில் சிவப்புச் சாயத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். என்ன என்று கேட்டதற்கு, "ஆக்கிரமிப்புங்க" என்றான் ஒருவன், தூரிகையை உதறிக்கொண்டே. மறுநாளே அவள் சாலைத்துறைக்குப் பஸ் ஏறினாள்.

சாலைத்துறை அலுவலகத்தில் இருந்தது ஒரு சின்ன வயசு அதிகாரி. மரியாதையான பிள்ளை, நாற்காலி போடச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எரிந்து விழுந்திருந்தால் இவளும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

"கோடு போட்ட தேதிக்கு முன்னாடி வீடு இருந்திருந்தா மாற்று மனை குடுக்கலாம்மா. பின்னாடி கட்டினதுன்னா ஆக்கிரமிப்பு, ஒண்ணும் செய்ய முடியாது. முன்னாடியே இருந்ததுன்னு காட்ட ஏதாவது வச்சிருக்கீங்களா?"

மின்கட்டண ரசீது, வரி ரசீது எல்லாம் ஒரு பையில் கொண்டுபோயிருந்தாள். எல்லாம் அந்தத் தேதிக்குப் பின்னால். சூளை முதலாளியின் வெள்ளைத்தாளில் தேதியே இல்லை. பஸ்ஸுக்கு எழுதிய மனுவின் நகல் ஒன்று இருந்தது; அதில் அவள் கையெழுத்தும் நாற்பத்தோராம் மனை என்ற முகவரியும் இருந்தன, தேதி முந்தினது. அதைப் பெரிய நம்பிக்கையோடு நீட்டினாள். அதிகாரி படித்தான்.

"இதுல நானூறு குடும்பம்னு இருக்கே."

"ஆமா."

"அப்ப இருந்தது நாற்பத்தொண்ணு. இதை நான் எப்படிம்மா ஆதாரம்னு மேல அனுப்புறது?" என்று கேட்டுவிட்டு, கோப்பைத் திருப்பி, மஞ்சள் பூத்த ஒரு தாளை அவள் முன்னால் வைத்தான். "இது யார் எழுத்து?"

"என் எழுத்துதான் தம்பி."

குடியிருப்புகள் எதுவும் இல்லை என்ற வரிக்கு அடியில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். அவள் குமாஸ்தா சொன்னதைச் சொன்னாள், வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கதை மாதிரிக் கேட்டது. அதிகாரி முழுவதும் கேட்டான். கேட்டுவிட்டு, "நான் நம்புறேன்மா. ஆனா என் நம்பிக்கை ஃபைலுக்குள்ள போகாது. இந்த மனுவுல கையெழுத்துப் போட்டவங்கள்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், நேர்ல வந்து அப்ப அங்க வீடு இருந்துச்சுன்னு சொல்லட்டும். எழுதி வாங்கிட்டு மாற்று மனைக்கு நான் பரிந்துரை பண்றேன். அதனால ரோடு ஒண்ணும் தள்ளிப் போகாது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும். திங்கக்கிழமை இடிக்கிற மெஷின் வந்துடும்" என்றான்.

ஒரே ஒருத்தர். நாற்பத்தோரு பேருக்கு மூச்சு முட்ட எழுதியவளுக்கு ஒரே ஒருத்தர் கிடைக்க மாட்டாரா? வீடு போனால் அவளுக்குப் போக இடம் இல்லை என்பது ஊருக்கே தெரியும். மகள் வேறு ஊரில் மாமனார் மாமியாரோடு இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறாள். போனில், "வந்துடும்மா" என்றாள். சொல்லிவிட்டு, "வந்தா எங்க படுப்ப, அதான் யோசிக்கிறேன்" என்றும் அவளே சொன்னாள். மனுக்கா, "பாத்துக்கலாம் விடு" என்று வைத்துவிட்டாள்.

அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டிருந்தாள். கையெழுத்துப் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் செத்தாயிற்று. மிச்சம் பேர் நல்ல விலை வந்தபோது விற்றுவிட்டு எங்கெங்கோ போய்விட்டார்கள். அவளை விட்டால் ஊரில் மிஞ்சியது மூன்று பேர்.

முதலில் செயலாளர் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலிலேயே எழுந்து நின்றுகொண்டார். உட்காரச் சொன்னால் பேச்சு நீளும் என்று தெரிந்தவர்.

"மனுக்கா, நீங்களே யோசிச்சுப் பாருங்க. இப்ப நான் போய் வீடு இருந்துச்சுன்னு சொன்னா நாற்பத்தோரு பேரும் பொய் சொன்னோம்னு ஆகும். ஃபைல் மறுபடி மேல போகும். முப்பது வருஷம் காத்துக் கெடந்த ரோடு. ஒரு வீட்டுக்காக ஊரே..."

"அந்த ஒரு வீட்டுல உக்காந்துதானே எழுதினோம்."

"அன்னைக்கு நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் செயலாளர். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் நெஞ்சை அறுத்தது. அவள் திரும்பி நடந்தாள். சால்வையை எடுத்து வந்து அந்த ஆள் முகத்திலேயே எறிய வேண்டும் என்று வந்த ஆத்திரம் தெருமுனை போவதற்குள் அடங்கி, வெறும் களைப்பாகிவிட்டது.

இரண்டாவது, பழைய லாரி டிரைவர். அவருக்கு மறதி வந்து மூன்று வருஷம் ஆகிறது. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யார் யார் என்று மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் சொன்னாள். கடைசியில் முகம் மலர்ந்து, "ஏறுங்க, பாலத்துல எறக்கி விட்டுடறேன். மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார். அவர் மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். மனுக்காவுக்கு மட்டும் அவரை விட்டு எழுந்து வர மனசே வரவில்லை; ஊரில் அந்தக் களிமண்ணை இன்னும் நினைவு வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாவது தையல்காரி. அவளைக் கடைசியாக வைத்துக்கொண்டதே தைரியத்துக்காகத்தான். அவளிடம் கேட்கவே தேவையில்லை என்று மனுக்கா நினைத்திருந்தாள்.

தையல்காரி இப்போது தைப்பதில்லை; கண் மங்கிவிட்டது. அன்றைக்கு முன்னறையில் தவழ்ந்த குழந்தை இப்போது நாற்பது வயசை நெருங்குகிற ஆள், டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். மூன்றாவது தெரு மனையில் வீட்டை இடித்துவிட்டு வரிசையாக ஆறு கடை கட்டிக்கொண்டிருந்தான், புதுச் சாலையைப் பார்த்தபடி. மனுக்கா போன நேரம் அவன் ஷட்டருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தான். தையல்காரி மணல் குவியலின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மனுக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்குப் போய் ஊர் பூரா அலஞ்சியாக்கா? நேரா என்கிட்ட வர மாட்டியா? அஞ்சு மாசம் அந்த வீட்டுச் சோத்தத் தின்னுட்டு நான் வரலன்னா என் வாயி அழுகிப் போயிடாதா?"

மகன் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான். "ஃபைல் திரும்பிப் போச்சுன்னா ரோடு எத்தனை வருஷம் தள்ளிப் போகும் பெரியம்மா?" என்று மட்டும் கேட்டான். கோபமாக இல்லை, வழி கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"தெரியலப்பா. தள்ளிப் போகாதுன்னுதான் அந்த அதிகாரி சொன்னாரு."

"சொல்வாங்க" என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை காலை அவனே காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்க பெரியம்மா, நானே கொண்டுபோய் விடறேன்" என்றான். தையல்காரி பின் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. முக்கால் மணி நேரம் நின்றார்கள். எப்போதும் வாய் மூடாத தையல்காரி அன்றைக்கு முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். உடம்புக்கு முடியவில்லையா என்று மனுக்கா கேட்டாள். "இல்லக்கா, தூக்கம் இல்ல" என்றாள். மனுக்கா தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

அதிகாரி இருவரையும் உட்காரச் சொன்னான். மகன் கதவோரம் நின்றுகொண்டான். அதிகாரி பழைய மனுவை எடுத்து, இருபத்திரண்டாவது கையெழுத்தைத் தையல்காரிக்குக் காட்டி, "இது உங்க கையெழுத்தாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

"இந்த மனு எழுதின சமயத்துல மூணாவது தெருக் கடைசியில இவங்க வீடு இருந்துச்சா?"

தையல்காரி மகனைப் பார்க்கவில்லை. மனுக்காவையும் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தாள்.

"இல்லீங்க. அப்ப அங்க ஒண்ணும் இல்ல. காலியாத்தான் கெடந்துச்சு."

அதிகாரி மனுக்காவைப் பார்த்தான். ஏதாவது சொல்லுவாள், கத்துவாள், தலைமுடியைப் பிடித்து இழுப்பாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவளுக்குக் கத்தத்தான் வந்தது. நீ எங்கடி படுத்த, உன் மெஷின் எங்கடி ஓடுச்சு, உன் பிள்ளை எந்தத் தரையில மூத்திரம் போச்சு என்று அடிவயிற்றிலிருந்து எழும்பி வந்தது எல்லாம் பல்லுக்குப் பின்னால் நின்றுவிட்டது. சொல்லி என்ன ஆகும்? இவள் சொல்வது எதுவும் ஃபைலுக்குள் போகாது. நாற்பதாவது ஆளும் போயாயிற்று. இனிமேல் அந்த வீடு இருந்ததற்கு, அது இடிகிற சத்தம் தவிர வேறு சாட்சி கிடையாது.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று அதிகாரி இன்னொரு தரம் கேட்டான்.

"யோசிச்சுத்தாங்க."

"சரி. அப்ப அதை எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

"எனக்குக் கையெழுத்து மட்டுந்தாங்க வரும்."

"வாசல்ல மரத்தடியில ஒருத்தர் எழுதிக் குடுப்பாரு."

மகன் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். எழுதுகிறவர் இன்று வரவில்லையாம். நீங்க எழுதக் கூடாது, மகன் எழுதினா ஒருதலைப்பட்சம்னு சொல்லுவாங்க என்று அதிகாரி தடுத்துவிட்டான். குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார். நாலு பேரும் காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்றேகாலைக் காட்டியது.

அப்போதுதான் தையல்காரி, முப்பத்தைந்து வருஷப் பழக்கத்தில், என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், மனுக்காவின் முழங்கையைத் தொட்டாள்.

"நீயே எழுதிடேன்க்கா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கதவோரம் நின்ற மகன் தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரி குழம்பிப்போய், "அவங்களே எழுதினா... சட்டப்படி ஒண்ணும் தப்பில்ல. இன்னும் பலமாத்தான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்புறம் அவசரமாக, "வேணாம்மா, விடுங்க. குமாஸ்தா வரட்டும்" என்றான்.

மனுக்கா மேஜையில் இருந்த தாள் ஒன்றை இழுத்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் எழுதித் தரச் சொல்லி வந்தவர்களில் ஒருத்தரைக்கூட அவள் வெறும் கையோடு அனுப்பியதில்லை. அனுப்பத் தெரியவும் தெரியாது. தேதி போட்டாள், இடது ஓரம் விட்டாள். தையல்காரி சொன்னதைச் சொன்னபடி, ஒரு எழுத்துக் கூட்டாமல் ஒரு எழுத்துக் குறைக்காமல் எழுதினாள். நான்கே வரிதான். வரிகள் கோடு போட்டது மாதிரி நேராகத்தான் வந்தன.

எழுதியதை ஒரு தரம் உரக்கப் படித்துக் காட்டினாள், அதுதான் முறை. "சரியா இருக்கா?" என்று கேட்டாள். தையல்காரி அழுதுகொண்டே சரி என்று தலையாட்டினாள்.

மனுக்கா தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளி, பேனாவை மூடி கழற்றியபடியே நீட்டினாள். தையல்காரி வாங்கிக்கொண்டாள். கண் மங்கியவள், அழுகை வேறு. வரிகள் எங்கே முடிகின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை. பேனா தாளுக்கு மேலேயே அலைந்தது.

"எங்கக்கா போடணும்?"

மனுக்கா விரலை வைத்து இடத்தைக் காட்டினாள்.